தெருவுக்குப் பொதுவா வீல்சேர், ஏர் பெட் வச்சிருக்கோம்: ட்ரஸ்ட்டா பதிவு பண்ணலாமா?

கொருக்குப்பேட்டை டெய்லர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல ஒரு சந்துல தையக்கடை வச்சிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்குங்க. முழுசா தெரிஞ்சாத்தான் நீங்க சொல்ற யோசனை எங்களுக்கு உதவும்.

2019ல என் மாமியாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில 18 நாள் இருந்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். 6,500 ரூபாய் குடுத்து ஒரு வீல்சேர் வாங்கினோம். 11 மாசம் இருந்தாங்க. அவங்க போனப்புறம் அந்தச் சேரை மடிச்சு மிஷின் பக்கத்துல சாத்தி வச்சிருந்தேன். விக்க மனசு வரல. அப்ப எதிர் வீட்டு இட்லிக்கடை ஆயா விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. அவங்க மவன் வந்து, "அக்கா, அந்தச் சேரை நாலு மாசம் வாடகைக்குக் குடுப்பியா?"ன்னு கேட்டான். வாடகை எதுக்குடா, எடுத்துட்டுப் போன்னேன். இப்படித்தான் ஆரம்பிச்சது. யாரும் திட்டம் போட்டு செய்யல.

2021 மே மாசம் கொரோனா உங்களுக்கே தெரியும். பெட் இல்ல, ஆக்சிஜன் இல்ல. தெருவுல 22 வீடு சேர்ந்து ஒரு குலுக்கல் சீட்டு ஓடிட்டு இருந்தது. அந்த மாசம் சீட்டு விழுந்தவங்களே, "பணத்தை மொத்தமா ஆக்சிஜன் மிஷினுக்குப் போடுங்க, எனக்கு மெதுவா குடுங்க"ன்னு சொன்னாங்க. பழசு ஒண்ணு 48,000 ரூபாய்க்குக் கிடைச்சது. அந்த ரெண்டு மாசத்துல 9 பேர் அதுல மூச்சு விட்டாங்க. 2 பேர் பொழைக்கல. 7 பேர் இன்னைக்கும் என் கடை வழியா நடந்து போறாங்க.

இப்ப எங்ககிட்ட 3 வீல்சேர், 4 வாக்கர், 2 கமோடு சேர், 2 ஏர் பெட் (படுத்தே கிடக்கிறவங்களுக்கு முதுகுல புண்ணு வராம இருக்க, மோட்டார்ல காத்து அடைக்கிற மெத்தை), ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், ஆக்சிஜன் மிஷின், நெபுலைசர் இருக்கு. 41 வீடு மாசம் 50 ரூபாய் போடுது. சாமான் எல்லாம் பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில. சாவி என் கடை ஆணியில தொங்கும். யார் எடுத்தாலும் நீளக் கணக்கு நோட்டுல பேர், தேதி, யாருக்கு, எந்தச் சாமான் எல்லாம் எழுதிக் கையெழுத்து. நோட்டு கடைப் பலகையிலயே கிடக்கும், யார் வேணும்னாலும் புரட்டிப் பார்க்கலாம்.

திரும்பி வர்ற வீல்சேர்ல நான் முதல்ல பார்க்குறது முன் சக்கரத்தை. தலைமுடியும் நூலும் சுத்தி இறுகி, சக்கரம் திரும்பாது. கத்திரி நுனியால நோண்டி எடுத்து, மிஷினுக்கு விடுற எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டா லேசா ஓடும். உட்கார்ற துணி கிழிஞ்சா கேன்வாஸ் வச்சு நானே ரெட்டைத் தையல் போடுவேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தெருவே தண்ணியில நின்னப்போ, பசங்க எல்லாத்தையும் மாடிக்கு ஏத்திட்டாங்க. கட்டிலை மட்டும் ஏத்த முடியல. அடிச்சட்டம் துரு புடிச்சது. சுரண்டி பெயின்ட் அடிச்சு இன்னமும் ஓட்டறோம்.

இப்ப மூணு சங்கடம்.

ஒரு ஏர் பெட் ஒரு வீட்டுக்குப் போச்சு. அந்தம்மா இறந்து ஏழு மாசம் ஆச்சு, பெட் திரும்பல. துக்க வீட்டுல போய் "பெட்டைக் குடுங்க"ன்னு எந்த வாயால கேட்கிறது? ஆனா அதே நேரம் வேற ஒருத்தருக்கு முதுகுல புண்ணு வந்து, ரெண்டு வாரம் பெட் இல்லாமக் கிடந்தார். அதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரல.

ரெண்டாவது, குடோன்ல மூட்டை தூக்குற ஒரு பீகார் தம்பிக்குக் கால் முறிஞ்சது. லைன் வீட்டுல எட்டு பேரோட இருக்கான். நான் யாரையும் கேட்காம வாக்கர் குடுத்துட்டேன். கூட்டத்துல சத்தம். "நாளைக்கு ஊருக்குப் போயிட்டா யார்கிட்ட கேட்ப? 50 ரூபாய் போட்டவங்களுக்குத்தான் சாமான். வாடகைக்கு இருக்கிறவன்னா 2,000 டெபாசிட் வாங்கு"ன்னு ரெண்டு மூணு பேர். அவங்களும் கெட்டவங்க இல்ல, ஆரம்பத்துல இருந்து பணம் போட்டவங்கதான்.

மூணாவது, ஏரியாவுல வசதியான ஒருத்தர் ஒரு லட்சம் தர்றேங்கிறார். ட்ரஸ்ட்டா பதிவு பண்ணணுமாம், அவர் தலைவரா இருப்பாராம், ஒவ்வொரு சாமான்லயும் அவர் படம் போட்ட ஸ்டிக்கர் இருக்கணுமாம். ஒரு லட்சம்னா இன்னொரு கட்டில், நாலு ஏர் பெட். வேணாம்னு சொல்ல நாக்கு எழல.

பதிவு பண்ணணுமா? டெபாசிட் வாங்கலாமா? இது மாதிரி நடத்துறவங்க, நடத்தினதைப் பார்த்தவங்க சொல்லுங்க.

---

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி

அக்கா, பதிவு விஷயம் மட்டும் நான் சொல்றேன், தினமும் பார்க்கிற வேலை.

ட்ரஸ்ட் வேற, சங்கம் வேற. ட்ரஸ்ட்னா பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியறது. பத்திரத்துல யாரை அறங்காவலர்னு எழுதுறீங்களோ, அதிகாரம் அவங்ககிட்ட. 41 வீட்டுக்கும் அதுல ஓட்டு கிடையாது. அந்த ஒரு லட்சக்காரர் ஏன் ட்ரஸ்ட் கேட்கிறார்னு இதுலயே புரியும். சங்கம்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைஞ்சது 7 பேர் சேர்ந்து பதியணும். உறுப்பினர் எல்லாருக்கும் ஓட்டு, வருஷா வருஷம் பொதுக்குழு, கணக்குத் தணிக்கை, பதிவாளருக்குத் தாக்கல். இதை எல்லாம் ஒழுங்கா செய்ய ஒரு ஆள் வேணும். தாக்கல் பண்ணாம விட்டுட்டு அஞ்சு வருஷம் கழிச்சு அபராதத்தோட வந்து நிக்கிற சங்கங்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

பெரிய நன்கொடை வாங்கணும், குடுக்கிறவங்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது குடுக்கணும், இடம் வாங்கணும்னா பதிவு இல்லாம முடியாது. மாசம் 2,050 ரூபாய் வசூலுக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல. சட்டுனு பார்க்க வேண்டியது வேற: பணம் இப்ப யார் பேர்ல இருக்கு? உங்க சொந்தக் கணக்குல இருந்தா உடனே மாத்துங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அந்தப் பணத்துக்கு உங்க வாரிசுகள்தான் சட்டப்படி நிப்பாங்க, தெரு நிக்க முடியாது. தனியா ஒரு கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து போட்டாத்தான் எடுக்க முடியும்னு வைங்க. சாமான் எல்லாம் 41 வீட்டுக்கும் பொதுன்னு ஒரு தாள்ல எழுதி எல்லார் கையெழுத்தும் வாங்கி வைங்க.

---

காசிமேடு போட்காரன்

யக்கா, நான் காசிமேட்டுல போட்ல போறவன். எங்காயா ஊரு பழவேற்காடு. உன் கதையப் படிச்சதும் எனக்குப் பாடு நெனப்பு வந்துச்சு.

பழவேற்காடு ஏரியில எறா வலை போடுற எடம் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு எடத்துல ராத்திரிக்கு நல்லா வுழும், பக்கத்து எடத்துல வெறும் பாசி. யார் பலசாலியோ அவன் நல்ல எடத்தப் புடிச்சிக்கினா தெனமும் வெட்டுக்குத்துதான். அதுக்குத்தான் பாடு. இன்னைக்கு உன் மொற இந்த எடம், நாளைக்கு வேற எடம், எல்லாரும் நல்ல எடத்துக்கும் போவாங்க, கெட்ட எடத்துக்கும் போவாங்க. போலீசு கெடையாது, கோர்ட்டு கெடையாது. மொற தப்பி வலை போட்டா ஊர் கூடிக் கேக்கும். தலைமொறை தலைமொறையா அது ஓடுது.

அதனால உன் தெருவால முடியாதுன்னு நெனைக்காத. டெபாசிட்டுல ஒண்ணும் நிக்காது, மொறைலதான் நிக்கும். பெட்டுக்கும் மொற வையி. எத்தினி நாள்னு குடுக்கும்போதே சொல்லு. நாள் முடிஞ்சா நீ போய்க் கேக்காத, அடுத்த மொறக்காரன போய்க் கேக்கச் சொல்லு. அவன் நோவ நேர்ல பாத்தா எந்த வூட்டுலயும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க.

---

வண்ணாரப்பேட்டை மாணவி

போட்கார அண்ணன் சொன்னதோட இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லணும். நான் பழவேற்காட்டுல களவேலைக்குப் போயிருக்கேன். பாடு அருமையான ஏற்பாடு, ஆனா அது தலைக்கட்டுக்குத்தான். அந்த மீனவச் சமூகத்து ஆண்களுக்குத்தான் முறை. அதே ஏரியில இருளர் பழங்குடி ஜனங்க மார்பளவு தண்ணியில நின்னு கையால தடவி இறால் பிடிக்கிறாங்க. பாடு முறையில அவங்களுக்குப் பங்கு கிடையாது. உள்ளே இருக்கிறவங்களுக்கு அவ்வளவு நியாயமா நடக்கிற ஏற்பாடு, வெளியே நிக்கிறவங்களைக் கண்ணெடுத்தும் பார்க்கல. உங்க பீகார் தம்பி விஷயம் எனக்கு அதனாலதான் முக்கியமாப் படுது.

எலினோர் ஆஸ்ட்ரம்னு ஒரு அம்மா, 2009ல பொருளாதார நோபல் வாங்கின முதல் பெண். பொதுச் சொத்து தனியார் கையில இருக்கணும் இல்ல அரசு கையில இருக்கணும், ரெண்டும் இல்லேன்னா பாழாப் போயிடும்னு எல்லாரும் சொல்லிட்டிருந்தப்போ, சுவிஸ் மலைக்கிராமத்து மேய்ச்சல் நிலம், ஸ்பெயின் வாய்க்கால் பாசனம்னு நூத்துக்கணக்கான வருஷம் ஜனங்களே நடத்தினதை எல்லாம் காட்டினாங்க. நீண்ட நாள் நின்ன எல்லா இடத்துலயும் அவங்க பார்த்த ஒண்ணு: முதல் தப்புக்குச் சின்ன கண்டிப்பு, திரும்பச் செஞ்சாத்தான் பெருசு. முதல் நாளே 2,000 ரூபாய் டெபாசிட்னா, தப்பே செய்யாத ஏழைக்கு முன்கூட்டியே தண்டனை. யாருக்குன்னு எல்லை கண்டிப்பா வேணும்னும் அவங்களே சொல்றாங்க. அந்த எல்லையை சொந்த வீடு, வாடகை வீடுன்னு போடாம, "நடந்து வந்து எடுத்துட்டுப் போற தூரத்துல இருக்கிறவங்க"ன்னு போடலாமே அக்கா?

---

மலபார் நர்ஸ்

நான் தண்டையார்பேட்டைப் பொண்ணு, 14 வருஷம் கோழிக்கோட்டுல நர்ஸா இருந்தேன். நீங்க செய்யறதை அங்க ஊர் ஊரா செய்யறாங்க.

1993ல கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் இவங்க எல்லாம் சேர்ந்து வலி தணிப்பு சிகிச்சைக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரியில உட்கார்ந்து பார்த்தா படுக்கையில கிடக்கிறவங்க வந்து சேர முடியாதுன்னு தெரிஞ்சு, அப்புறம் வேலையை அக்கம்பக்கத்து ஆளுங்க கையில குடுத்தாங்க. டீக்கடைக்காரர், ஆட்டோ டிரைவர், பள்ளிக்கூட டீச்சர் எல்லாரும் பயிற்சி எடுத்துக்கிட்டு வாரம் ரெண்டு மணி நேரம் வீடு வீடாப் போவாங்க. காசும் ஊர்க்காரங்க போடுற சில்லறைக் காசுதான் பெரும்பாலும். 2008ல கேரள அரசே இதை ஒரு கொள்கையா அறிவிச்சது. முதல்ல ஜனங்க நடத்திக் காட்டினாங்க, அரசு பின்னாடி வந்தது.

இனி உங்க சாமான் பத்தி. இதைத் தயவு செஞ்சு கவனமாப் படிங்க.

ஆக்சிஜன் மிஷினை டாக்டர் சீட்டு இல்லாம யாருக்கும் குடுக்காதீங்க. சீட்டுல எத்தனை லிட்டர்னு எழுதியிருக்கோ அதுக்கு மேல திருகக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறவங்களுக்கு ஆக்சிஜன் அதிகமானா அதுவே ஆபத்து, மயக்கத்துக்குக் கொண்டு போயிடும். வெளிப்பக்க ஸ்பான்ஜ் ஃபில்டரை வாரம் ஒரு தடவை கழுவி நல்லா காய வச்சுப் போடணும். மூக்குல மாட்டுற குழாய் ஆளுக்கு ஒண்ணு, மறுபடி இன்னொருத்தருக்குப் போடவே கூடாது. மிஷின் ஓடுற ரூம்ல பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் வேணாம்.

ஏர் பெட் திரும்பி வந்தா சோப்புத் தண்ணியால துடைச்சு, அப்புறம் பிளீச்சிங் கரைசலால துடைச்சு, நிழல்ல காய வைங்க. காத்து அடைச்சு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க, எந்தக் குழாய் இறங்குதுன்னு காலையில தெரியும். பெட் இருக்குன்னு ஆளைத் திருப்பிப் போடாம விட்டுடுவாங்க, அதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. ஏர் பெட் இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டே ஆகணும். பெட் குடுக்கும்போது இதையும் சொல்லிக் குடுங்க, ஒரு தடவை செஞ்சும் காட்டுங்க.

இறந்த வீட்டுக்கு நாங்க போறது பெட்டுக்காக இல்லை அக்கா. ஒருத்தர் போயிட்டா ரெண்டு வாரம் கழிச்சு போய் உட்கார்ந்து பேசிட்டு வர்றது எங்க வேலையிலயே ஒரு பாகம். அந்த வீட்டுல ராத்திரி பகலாப் பார்த்துக்கிட்ட பொண்ணு சாப்பிடுறாளா, தூங்குறாளான்னு கேட்கத்தான் போவோம். பெட்டு தன்னால வரும்.

---

மில்லுக்காரர் மகன்

தாயே, எனக்கு வயது 71. என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். அந்த ஒரு லட்சம் பற்றியும் பீகார் தம்பி பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் நம் பெரம்பூர்ப் பக்கம்தான் பிறந்தது. அதன் வேர் ஒரு பஜனை சபை. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் மில்லுக்குப் பக்கத்தில் நடத்திய வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபைக்கு வந்த தொழிலாளர்கள், மில்லில் படும் பாட்டை அங்கே பேசத் தொடங்கினார்கள். பிறகுதான் தலைவர்களாக பி.பி. வாடியா வந்தார், திரு.வி.க. வந்தார். உங்கள் தையல் கடைப் பலகையும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. ஜனங்கள் தினமும் வந்து உட்காரும் இடத்தில்தான் சங்கம் பிறக்கும்.

ஆனால் அதே சங்கம் 1921 வேலைநிறுத்தத்தில் உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய கஷ்டத்தைச் சங்கம் சரியாகக் கேட்கவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. என் தாத்தா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும். "எங்க ஆளு, அவங்க ஆளு"ன்னு ஒரு சொல் உள்ளே நுழைந்ததும் சங்கம் போச்சுடா என்பார்.

வாக்கர் கொடுத்ததற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள். அந்தத் தம்பியைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். 50 ரூபாய் போட முடிந்தால் போடட்டும், முடியாவிட்டால் அடுத்த வெள்ளத்தில் அந்தக் கட்டிலை மாடிக்குத் தூக்க எட்டு ஆள் அந்த லைன் வீட்டில் இருக்கிறார்கள்.

ஒரு லட்சக்காரரிடம் நான் போய்ப் பேசட்டுமா? பணத்தை வாங்கிக்கொள்ளலாம். மற்ற 41 பேரைப் போல அவருக்கும் ஒரு ஓட்டு. 1844ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து கடை போட்டபோது, எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்றுதான் நடத்தினார்கள். அவர்களைப் பார்த்துத்தான் 1904ல் நம் திருவல்லிக்கேணிக் கூட்டுறவு சங்கமும் தொடங்கியது. படம் ஒட்டிய சக்கர நாற்காலியில் உட்காரும் மனுஷனுக்கு, தான் யாருக்கோ கடன்பட்டவன் என்ற எண்ணம் தினமும் வரும். இப்போது அது இல்லை. அதைக் காப்பாற்றுங்கள்.

---

கொருக்குப்பேட்டை டெய்லர்

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடை வாசல்ல கூடினோம். 33 வீட்டுல இருந்து வந்தாங்க. நீங்க எழுதினதை என் பொண்ணு சத்தமாப் படிச்சா. 1921 கதை வந்தப்போ யாருமே பேசல. புளியந்தோப்புல இருந்து இங்க வந்து குடியேறின குடும்பம் எங்க தெருவுலயே மூணு இருக்கு.

பதிவு இப்பத்திக்கு வேணாம்னு முடிவு. பணம் என் கணக்குலதான் இருந்தது, தம்பி சொன்னப்புறம் எனக்கே பயமாயிடுச்சு. நானும் எதிர் வீட்டு இட்லிக்கடை மருமகளும் சேர்ந்து தனிக் கணக்கு ஆரம்பிக்கப் போறோம். பொதுச் சாமான்னு எழுதின தாள்ல 29 கையெழுத்து ஆயிடுச்சு, மிச்சம் வாங்கணும்.

டெபாசிட் இல்ல. இதுக்கு ரொம்ப நேரம் பேசினோம். சத்தம் போட்ட அண்ணன்ல ஒருத்தர் கடைசிவரைக்கும் ஒத்துக்கல, ஆனா காசு போடுறதை நிறுத்த மாட்டேன்னு சொன்னார். அவர் பயத்தையும் நான் லேசா எடுத்துக்கல. அதனால மாணவித் தங்கச்சி சொன்ன மாதிரி, நாள் தாண்டினா முதல்ல ஆள் போய் விசாரிக்கிறது, ரெண்டாவது தடவை கூட்டத்துல சொல்றது, மூணாவது தடவைதான் அந்த வீட்டுக்கு சாமான் நிறுத்துறதுன்னு நோட்டு முதல் பக்கத்துல எழுதியிருக்கோம். பீகார் தம்பி வாக்கரோடவே வந்து ஓரமா நின்னான். 50 ரூபாயை நீட்டினான். அவன் பேர் இப்ப நோட்டுல 42ஆவது வரி.

ஒரு லட்சக்காரர்கிட்ட பெரியவர் போய்ப் பேசினார். "ஓட்டு ஒண்ணுதான், படம் கிடையாது"ன்னதுக்கு, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கார். வந்தா சந்தோஷம்.

ஏர் பெட்டுக்கு நானும் இன்னொரு அக்காவும் நேத்து மத்தியானம் போனோம். பெட்டைப் பத்திப் பேச வேணாம், நர்ஸம்மா சொன்ன மாதிரி சும்மா உட்கார்ந்துட்டு வரலாம்னுதான் போனோம். கொஞ்சம் லெமன் சாதம் கட்டி எடுத்துட்டுப் போனேன். அந்தப் பொண்ணு கதவைத் திறந்ததும் எங்களைப் பார்த்து அழுதுடுச்சு. பெட் கதவுக்குப் பின்னாடியே இருந்தது. துடைச்சு, மடிச்சு, மோட்டாரோட ஒயரைச் சுத்தி, புடவையால மூடி வச்சிருந்தா. ஆறு மாசமா அப்படியே இருக்காம். "நானே தூக்கிட்டு வந்து குடுத்தா, அம்மாவை அவசரமா அனுப்பிட்ட மாதிரி இருக்கும்னு தோணுச்சு அக்கா. யாராவது வந்து எடுத்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்"னா. நாங்க கேட்கக் கூச்சப்பட்டு இந்தப் பக்கம், அவ குடுக்கக் கூச்சப்பட்டு அந்தப் பக்கம். நடுவுல ஒருத்தர் முதுகுப் புண்ணோட கிடந்தார். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிட்டுத்தான் கிளம்பினோம். பெட்டோட மறு முனையை அவதான் பிடிச்சுத் தெருமுனை வரைக்கும் வந்தா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்து நோட்டு எழுத உதவி பண்றேன்னு சொல்லியிருக்கா.

ராத்திரி காத்து அடைச்சு வச்சுப் பார்த்தேன். காலையில மூணாவது குழாய் இறங்கியிருந்தது. சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டுற பசை அதுல நிக்குமா, யாராவது ஒட்டிப் பார்த்திருக்கீங்களா? நர்ஸம்மா, உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

இன்னைக்கு ரெண்டு வாக்கரும் ஒரு கமோடு சேரும் சும்மாதான் இருக்கு. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் யாருக்குத் தேவைன்னாலும் வாங்க. கடை காலையில பத்து மணிக்குத் திறப்பேன்.